லினக்ஸ் கணினியில் வட்டை எந்தப் பெயரால் மவுண்ட் செய்வது?

மதுரையிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி போன்ற சுற்றூர்களிலும் லினக்ஸ் கணினியில் வேலை செய்யும் வீடியோ ஸ்டூடியோக்காரர்களும் அச்சகத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. மவுண்ட் என்பது ஒரு வட்டைக் கோப்புறை ஒன்றில் இணைத்துத் திறப்பது. எந்த வட்டை எங்கே இணைப்பது என்று எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வட்டைக் குறிப்பிட நான்கைந்து வழிகள் இருக்கின்றன. நண்பர் ஒருவர் யூயூஐடி போடச் சொல்கிறார், இன்னொருவர் லேபிள் போதும் என்கிறார், கணினியை நிறுவிக் கொடுத்தவரோ எஸ்டிபி1 என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். இவற்றில் எதை வைத்துக்கொள்வது? பெரும்பாலும் ஒரு நாள் காலையில் ஏதோ ஒரு வட்டு திரையில் வராமல் போய், அன்றைய வேலை நின்ற பிறகுதான் இந்தக் கேள்வி எழுகிறது.

எல்லா வட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. பெட்டிக்குள்ளேயே திருகி வைக்கப்பட்ட வட்டு வேறு; பையில் போட்டுக்கொண்டு கைக்குக் கை மாறும் வட்டு வேறு. இந்த வேறுபாட்டை முதலில் மனத்தில் கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமே தீர்ந்துவிடும். எந்த நண்பர் சொன்னதும் தவறில்லை. ஆனால் அவரவர் வேறு வேறு வட்டை நினைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்; பேரெழுத்து, பெரிய எழுத்து என்று சொல்லாத இடங்களில் கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது, கேபிளோ போர்ட்டோ மாறினாலும் பெயர் நிலைக்குமா என்பது. அடுத்தது, வட்டை ஃபார்மேட் செய்தாலோ பழுதான வட்டுக்குப் பதில் புதியதை வைத்தாலோ எத்தனை இடங்களில் திருத்த வேண்டியிருக்கும் என்பது. மூன்றாவதாக, ஒரு வட்டை அப்படியே க்ளோன் எடுத்து, மூலமும் நகலும் ஒரே கணினியில் செருகப்பட்டால் என்ன ஆகும் என்பது. நான்காவது மனிதர்களைப் பற்றியது: எஃப்எஸ்டேப்பை எழுதியவர் ஊரில் இல்லாத நாளில், வேறொருவர் அந்தக் கோப்பைத் திறந்தால் எந்த வரி எந்த வட்டுக்கு உரியது என்று அவரால் கண்டுபிடிக்க முடியுமா?

ஐந்தாவது அளவுகோலைப் பலர் நினைப்பதே இல்லை, ஆனால் ஸ்டூடியோக்களுக்கு அதுதான் முதன்மையானது. ஒரே வட்டு இரண்டு மூன்று கணினிகளில் மாறி மாறிச் செருகப்படும்போது அதன் கோப்புறைப் பாதை எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருக்குமா? டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் வீடியோக் கோப்பைப் புராஜெக்டுக்குள் நகலெடுத்து வைப்பதில்லை. கோப்பு இருக்கும் பாதையை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன. பாதையில் ஓர் எழுத்து மாறினாலும் டைம்லைனில் உள்ள காட்சிகள் எல்லாம் ஆஃப்லைன் என்று காட்டும். படங்களை இணைப்பாக வைத்துப் பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸிலும் இதே தொல்லைதான்.

## கருவிப் பெயர்: எஸ்டிஏ, எஸ்டிபி, என்விஎம்இ

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒரு வட்டைக் கண்டதும் அதற்குத் தரும் பெயர் இது. சாட்டா வட்டும் யூஎஸ்பி வட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி, எஸ்டிசி என்று கண்டறியப்பட்ட வரிசையில் பெயர் பெறுகின்றன. என்விஎம்இ வட்டுகளுக்கு எண்ணோடு சேர்ந்த தனிப் பெயர் உண்டு. அந்த வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஒரு பென் டிரைவ் செருகியிருக்கும்போது கணினியைத் தொடங்கினால் நேற்றைய எஸ்டிபி இன்றைக்கு எஸ்டிசி ஆகலாம். கூட்டத்தில் நிற்பவர் வரிசையில் எத்தனையாவது ஆள் என்பதை அவருடைய பெயராக எழுதிக்கொள்வது போன்றது இது. வரிசை கலைந்தால் பெயரும் போயிற்று.

இதன் மறைமுகச் செலவு, வட்டு வராமல் போவதைவிடப் பெரியது: வேறு வட்டு வந்துவிடுவது. இரண்டு வட்டுகளும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் (வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருந்தால், மூல வட்டு இருக்க வேண்டிய கோப்புறையில் காப்பு வட்டு எந்த எச்சரிக்கையும் இன்றி அமர்ந்துகொள்ளும். இரவில் தானாக ஓடி நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை பழைய நகலை மூலம் என்று நம்பிப் புதிய வேலையை அழித்து எழுத இது ஒன்றே போதும்.

இந்தப் பெயர் பொருந்தும் இடம் ஒன்று உண்டு. கையால் ஒருமுறை மட்டும் மவுண்ட் செய்து, வேலை முடிந்ததும் நீக்கும்போது, எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் மாடலையும் அப்போதே பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். எஃப்எஸ்டேப்பில் இதை எழுத வேண்டாம். ஏற்கெனவே யாரேனும் எழுதியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

## யூயூஐடி

கோப்பு முறைமை உருவாக்கப்படும் நேரத்தில் அதற்குள்ளேயே எழுதப்படும் அடையாள எண் இது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகியவற்றில் இது 128 பிட் நீளம். இடைக்கோடுகளோடு சேர்த்து 36 எழுத்துகளாகத் திரையில் தெரியும். ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் உள்ளது உண்மையில் 32 பிட் தொடர் எண்தான். 4829-1703 என்பது போல நடுவில் ஒரு கோட்டோடு எட்டு எழுத்தில் முடிந்துவிடும். என்டிஎஃப்எஸ் முறைமையில் 16 எழுத்துகள் வரும். பிஎல்கேஐடி கட்டளையைக் கொடுத்தாலோ, எல்எஸ்பிஎல்கே கட்டளையோடு சிறிய எஃப் சேர்த்தாலோ, எல்லா வட்டுகளின் எண்களும் பட்டியலாக வரும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா போன்றவற்றின் நிறுவிகள் எஃப்எஸ்டேப்பில் இதைத்தான் எழுதுகின்றன. அதற்கு நல்ல காரணம் இருக்கிறது. போர்ட் மாறினாலும், வட்டைக் கழற்றி வேறு கணினியில் வைத்தாலும், சாட்டா இணைப்பிலிருந்து யூஎஸ்பி பெட்டிக்கு மாற்றினாலும் எண் மாறுவதில்லை. இரண்டு வட்டுகளுக்குத் தற்செயலாக ஒரே 128 பிட் எண் அமைவதை நடைமுறையில் எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை.

செலவு வேறு இடத்தில் இருக்கிறது. வட்டை ஃபார்மேட் செய்த நொடியில் எண் மாறிவிடுகிறது. எஃப்எஸ்டேப்பைத் திருத்த மறந்தால் அடுத்த முறை கணினி தொடங்கும்போது பழைய எண்ணுக்காகக் காத்திருக்கும். நினைவகம் போதாதபோது உதவும் ஸ்வாப் பிரிவை மறுபடி உருவாக்குபவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள், ஏனென்றால் ஸ்வாப்பிலும் ஒரு யூயூஐடி இருக்கிறது என்பது பலர் நினைவில் இருப்பதில்லை.

க்ளோன் இன்னும் கவனம் வேண்டும் இடம். டிடி கட்டளையாலோ க்ளோனிங் டாக்காலோ வட்டை முழுதாக நகலெடுத்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகிறது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் எக்ஸ்ட்4 எந்த ஆட்சேபமும் இன்றி இரண்டில் ஒன்றை மவுண்ட் செய்துவிடும், எதை என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. எக்ஸ்எஃப்எஸ், ஒன்று மவுண்ட் ஆகியிருக்கும்போது அதே எண்ணுள்ள இன்னொன்றை மறுத்துவிடும், அது நல்லதுதான். பிடிஆர்எஃப்எஸ் முறைமையிலோ தரவே கெட்டுப்போகும் அபாயம் உண்டு. எக்ஸ்ட்4 வட்டின் நகலை மவுண்ட் நீக்கிய நிலையில் வைத்து, டியூன்2எஃப்எஸ் கட்டளையில் பெரிய யூ போட்டு ரேண்டம் என்று கொடுத்தால் புதிய எண் கிடைக்கும். க்ளோன் எடுத்த கையோடு, மூல வட்டைக் கழற்றிவிட்டு இதைச் செய்வது நல்லது.

மனிதர் படிப்பது என்ற அளவுகோலில் யூயூஐடி தோற்றுவிடுகிறது. நான்கு வட்டுகள் உள்ள எஃப்எஸ்டேப்பில் நான்கு வரி எண்களைப் பார்த்து எது கல்யாண வட்டு, எது காப்பு வட்டு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிக்கும் மேலே ஹேஷ் குறியிட்டு ஒரு விளக்க வரி எழுதினால் இந்தக் குறை பெருமளவு தீரும். எழுதுபவர்கள் குறைவு.

## லேபிள்

கோப்பு முறைமைக்கு நாமே இடும் பெயர்தான் லேபிள். எக்ஸ்ட்4 வட்டில் இ2லேபிள் கட்டளையும், எக்ஸ்எஃப்எஸ் வட்டில் எக்ஸ்எஃப்எஸ்_அட்மின் கட்டளையும், ஃபேட் வகையில் ஃபேட்லேபிள், எக்ஸ்ஃபேட்லேபிள் ஆகியவையும், என்டிஎஃப்எஸ் வட்டில் என்டிஎஃப்எஸ்லேபிள் கட்டளையும் இதை எழுதுகின்றன. எஃப்எஸ்டேப்பில் யூயூஐடி என்ற இடத்தில் லேபிள் என்று பேரெழுத்தில் எழுதி, சமக்குறி இட்டு, பெயரைக் கொடுத்தால் போதும்.

இதன் பலம் வெளிப்படையானது. படித்தால் புரிகிறது, ஃபார்மேட் செய்த பிறகு அதே லேபிளை மீண்டும் வைத்தால் எஃப்எஸ்டேப்பைத் தொடவே வேண்டாம், பழுதான வட்டுக்குப் பதிலாக வாங்கிய புதிய வட்டுக்கும் பழைய பெயரையே இட்டு, மூன்று கணினிகளிலும் எந்தத் திருத்தமும் இன்றி வேலையைத் தொடரலாம். வட்டின் மேல் ஒட்டும் ஸ்டிக்கரிலும் அதே பெயரை எழுதிவிட்டால் கையில் இருப்பதும் திரையில் தெரிவதும் ஒன்றாகிவிடும். கைக்குக் கை மாறும் வட்டுகளுக்கு இந்த நன்மை வேறு எந்த வழியிலும் கிடைக்காது.

ஆனால் தனித்தன்மைக்கு யாரும் பொறுப்பில்லை. பெயர் வைப்பவர்தான் பொறுப்பு. பொங்கல் சமயத்தில் ஜல்லிக்கட்டைப் பதிவு செய்யப் போகும் ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். தை 1 அன்று அவனியாபுரம், தை 2 அன்று பாலமேடு, தை 3 அன்று அலங்காநல்லூர் என்று மூன்று நாள் வேலை மூன்று வட்டுகளில் சேர்கிறது. தை-1, தை-2, தை-3 என்று லேபிள் வைப்பது இயல்பாகத் தோன்றும். அடுத்த ஆண்டும் தை 1 வரும். பழைய காட்சி ஒன்றைத் தேடி இரண்டு ஆண்டு வட்டுகளையும் ஒரே கணினியில் செருகினால் ஒரே பெயரில் இரண்டு வட்டுகள். எஃப்எஸ்டேப் வரி எதைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. தை-1-26 என்று ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தைச் சேர்த்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அந்தக் காலத்து ரெட் ஹாட் நிறுவியும் இதே குழியில் விழுந்தது: கணினி அமைப்பு இருக்கும் மூலப் பிரிவுக்கு ஒற்றைச் சாய்கோட்டையே லேபிளாக இட்டு வந்ததால், ஒரு சர்வரின் வட்டைக் கழற்றி இன்னொன்றில் செருகியதும் இரண்டு மூலப் பிரிவுகள் ஒரே பெயரில் மோதிக்கொண்டன.

கேமரா கார்டுகளும் இதற்குச் சான்று. கேனான் கேமராவில் ஃபார்மேட் செய்த கார்டுகளுக்கு ஈஓஎஸ்_டிஜிட்டல் என்ற ஒரே லேபிள்தான் வரும். இரண்டு கேமராக்காரர்களின் கார்டுகளை ஒன்றாகச் செருகினால், டெஸ்க்டாப் இரண்டாவதன் கோப்புறைப் பெயருக்குப் பின்னால் 1 என்று சேர்த்துவிடும். கேமராவில் ஃபார்மேட் செய்யும்போது யூயூஐடியும் மாறக்கூடும் என்பதால், கார்டுகளை எஃப்எஸ்டேப்பில் எந்தப் பெயராலும் எழுதாமல் இருப்பதே சரி.

லேபிளின் நீளத்திலும் ஒரு செலவு மறைந்திருக்கிறது. தமிழில் பெயர் வைக்க விரும்புபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்ட்4 லேபிளின் எல்லை 16 பைட். எக்ஸ்எஃப்எஸ் லேபிளுக்கு 12 பைட். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். துணைக்கால், கொம்பு, புள்ளி ஆகியவையும் தனித் தனிக் குறிகள்தாம். மதுரை என்ற பெயரில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறிகள் இருப்பதால் 15 பைட் ஆகிறது: எக்ஸ்ட்4 வட்டில் சரியாக அடங்கும், எக்ஸ்எஃப்எஸ் வட்டில் அடங்காது. தேனி 12 பைட், இரண்டிலும் அடங்கும். மேலூர் 18 பைட், இரண்டிலும் அடங்காது. திருமணம் என்று வைக்க 24 பைட் வேண்டும். எல்லையை மீறினால் எக்ஸ்ட்4 கருவி எச்சரித்துவிட்டு மிச்சத்தை வெட்டிவிடும். மூன்று பைட் குறியின் நடுவில் வெட்டு விழுந்தால் கடைசி எழுத்து உடைந்துபோகும்.

என்டிஎஃப்எஸ் 32 எழுத்துக் குறிகளையும், எக்ஸ்ஃபேட் 11 குறிகளையும் ஏற்கும். இவை பைட் கணக்கில் அளப்பதில்லை என்பதால் திருமணம் இரண்டிலும் அடங்கிவிடும். ஃபேட்32 லேபிளும் 11 தான், ஆனால் அதில் தமிழுக்கே இடமில்லை. பிடிஆர்எஃப்எஸ் முறைமையில் 255 பைட் வரை போகலாம் என்பதால் அங்கே இந்தக் கவலை எழாது.

திரையில் தமிழ்ப் பெயரைப் பார்ப்பதில் எனக்கும் மகிழ்ச்சி உண்டு. மதுரை, தேனி, தை-1-26 போன்ற சிறு பெயர்கள் வேலை செய்யும், தயங்காமல் வைக்கலாம். ஆனால் அதே வட்டு வாடிக்கையாளரின் கணினிக்கோ, தொலைக்காட்சிப் பெட்டிக்கோ, பழைய மென்பொருள் உள்ள கடைக்கோ போகப் போகிறது என்றால், ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாத சிறு சொல்லும் இரண்டு இலக்க எண்ணும் வைப்பதே பாதுகாப்பு. எந்த மொழியிலும் இடைவெளி மட்டும் வேண்டாம். எஃப்எஸ்டேப்பில் இடைவெளிதான் ஒரு புலத்தையும் அடுத்த புலத்தையும் பிரிக்கிறது.

## பார்ட்யூயூஐடி

கோப்பு முறைமைக்குள் இல்லாமல், வட்டைப் பிரிவுகளாக வகுக்கும் பார்ட்டிஷன் அட்டவணையில் எழுதப்படும் எண் இது. புதிய வகை அட்டவணையான ஜிபிடி உள்ள வட்டுகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் முழு நீள எண் உண்டு. பழைய எம்பிஆர் வட்டுகளில் வட்டின் கையெழுத்து எண்ணோடு பிரிவின் வரிசை எண்ணைச் சேர்த்து இது உருவாகிறது. பிரிவை எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் மாறாது. பிரிவுகளை அழித்து மறுபடி வகுத்தால் மாறிவிடும். கெர்னல் இதைத் தானே நேரடியாகப் புரிந்துகொள்வதால், தொடக்கத்தில் உதவும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத சிறு கணினிகளுக்கு மிக ஏற்றது. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் இதையே பயன்படுத்துகிறது. மற்றபடி யூயூஐடியின் குறைகள் அனைத்தும் இதற்கும் உண்டு, வட்டை முழுதாக க்ளோன் எடுத்தால் மோதுவது உட்பட.

ஜிபிடி பிரிவுக்கு 36 எழுத்து வரை தனியாக ஒரு பெயரும் வைக்கலாம். அதை பார்ட்லேபிள் என்று பேரெழுத்தில் எஃப்எஸ்டேப்பில் எழுத முடியும். 36 எழுத்து என்பது தமிழுக்குத் தாராளமான இடம். தமிழ்ப் பெயரை விட்டுக்கொடுக்க மனம் இல்லாதவர்களுக்கும், வட்டை அடிக்கடி காலி செய்து ஃபார்மேட் செய்பவர்களுக்கும் இது நல்ல மாற்று வழி.

## வன்பொருள் அடையாளம்

வட்டின் மாடலையும் தொழிற்சாலை வரிசை எண்ணையும் சேர்த்து, டெவ் கோப்புறைக்குள் டிஸ்க், அதற்குள் பை-ஐடி என்ற இடத்தில் ஒரு நீண்ட பெயர் உருவாகிறது. க்ளோன் எடுத்தாலும் மோதாத ஒரே நிலையான பெயர் இதுதான், ஏனென்றால் வரிசை எண் இரும்போடு ஒட்டியது. ஒரே பெட்டியில் ஆறேழு வட்டுகள் இருந்து ஒன்று பழுதாகும்போது, எதைக் கழற்ற வேண்டும் என்பதை வட்டின் மேல் அச்சிட்டுள்ள எண்ணோடு ஒப்பிட்டு அறிய இதைவிட நம்பத்தக்க வழி இல்லை.

வட்டைச் செருகிப் பயன்படுத்தும் யூஎஸ்பி டாக் என்று வரும்போது இதன் வலு குறைகிறது. பல டாக்குகள் உள்ளிருக்கும் வட்டின் எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் சொந்த எண்ணைச் சொல்கின்றன. அப்போது அந்த டாக்கில் செருகும் எல்லா வட்டுக்கும் ஒரே பெயர்தான் வரும். சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றினாலும் பெயர் மாறும். ஸ்டூடியோ மேசையில் டாக் வைத்து வட்டுகளை மாற்றி மாற்றிப் போடுபவர்களுக்கு இது உதவாது.

## ஒரே பார்வையில்

| வழி | போர்ட் மாறினால் | ஃபார்மேட் செய்தால் | முழு க்ளோன் உடன் இருந்தால் | படித்தால் புரியுமா |
|---|---|---|---|---|
| கருவிப் பெயர் | மாறக்கூடும் | மாறாது | மோதாது, ஆனால் எது எது என்று தெரியாது | புரியாது |
| யூயூஐடி | மாறாது | மாறும் | மோதும் | புரியாது |
| லேபிள் | மாறாது | அழியும், அதையே மீண்டும் வைக்கலாம் | மோதும் | புரியும் |
| பார்ட்யூயூஐடி | மாறாது | மாறாது | மோதும் | புரியாது |
| வன்பொருள் அடையாளம் | சாட்டாவிலிருந்து யூஎஸ்பிக்குப் போனால் மாறும் | மாறாது | மோதாது | ஓரளவு |

## யார் மவுண்ட் செய்வது

எந்தப் பெயர் என்பது ஒரு முடிவு. யாரிடம் மவுண்ட் செய்யும் வேலையை விடுவது என்பது இன்னொன்று. டெஸ்க்டாப்பிலேயே விட்டுவிட்டால் யூடிஸ்க்ஸ் என்னும் சேவை அதைச் செய்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் மீடியா கோப்புறையில் பயனர் பெயருக்குக் கீழேயும், ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ரன் கோப்புறைக்குள் இருக்கும் மீடியாவிலும், வட்டின் லேபிளையே பெயராகக் கொண்ட கோப்புறை உருவாகும். லேபிள் இல்லாவிட்டால் யூயூஐடியே கோப்புறைப் பெயராகிவிடும். பாதையில் பயனர் பெயர் இருப்பதால், காலையில் வருபவரும் மாலையில் வருபவரும் வேறு வேறு பயனராக நுழைந்தால் அதே வட்டுக்கு இரண்டு பாதைகள். திடீரென்று கரண்ட் போய் கணினி அணைந்தால் பழைய கோப்புறை சில நேரம் அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த முறை வட்டு பெயருக்குப் பின்னால் 1 சேர்த்து மவுண்ட் ஆகும், எடிட்டிங் மென்பொருள் எல்லாவற்றையும் ஆஃப்லைன் என்று சொல்லும். கேமரா கார்டுக்கும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவுக்கும் டெஸ்க்டாப் வழி போதும். புராஜெக்ட் வட்டுக்குப் போதாது.

எஃப்எஸ்டேப்பில் எழுதினால் பாதை நம் கையில் இருக்கும். மூன்று கணினிகளிலும் ஒரே வரியை எழுதிவிட்டால் பாதை மூன்றிலும் ஒன்றே. இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: எக்ஸ்ட்4 வட்டில் கோப்பின் உரிமையாளர் பெயராக அல்லாமல் எண்ணாகவே பதிவாகிறார். ஒரு கணினியில் 1000 என்ற எண்ணுள்ள பயனர் எழுதிய கோப்பை, இன்னொரு கணினியில் 1001 எண்ணுள்ள பயனர் திருத்த முடியாமல் போகலாம். மூன்று கணினிகளிலும் ஒரே எண்ணில் பயனர்களை அமைத்தால் இது தீரும். எக்ஸ்ஃபேட் வட்டில் உரிமையாளரே இல்லை என்பதால், எஃப்எஸ்டேப்பின் நான்காவது புலத்தில் யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்), யூமாஸ்க் (அனுமதி) மூன்றையும் கொடுத்துவிட வேண்டும்.

தானாக மவுண்ட் ஆகும் வசதி இரண்டுக்கும் இடைப்பட்டது. எஃப்எஸ்டேப் வரியில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் என்ற விருப்பத்தைச் சேர்த்தால், கோப்புறையை முதலில் திறக்கும்போதுதான் வட்டு மவுண்ட் ஆகும். வட்டு செருகப்படாத நேரத்தில் யாராவது அந்தக் கோப்புறையைத் திறந்தால் சாளரம் சற்று நேரம் உறைந்து நிற்கும், எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட் என்ற விருப்பத்தில் 10 விநாடி என்று கொடுத்தால் அந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம்.

## வட்டு வராத நாள்

எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும் வட்டு ஒரு நாள் வராமல் போகும். எஃப்எஸ்டேப்பில் நோஃபெயில் என்ற சொல் இல்லாவிட்டால், கணினியைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி நிலைக்குப் போய்க் கடவுச்சொல் கேட்டு நிற்கும். முகூர்த்த நாள் காலையில் இந்தக் கறுப்புத் திரை வந்தால் ஸ்டூடியோவில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாது. ஆகவே மூல வட்டு (இங்கே, கணினி அமைப்பே இருக்கும் வட்டு) தவிர மற்ற எல்லா வட்டுக்கும் நோஃபெயில் கட்டாயம்.

நோஃபெயிலுக்கும் ஒரு மறைமுகச் செலவு இருக்கிறது. கணினி எந்தக் குறையும் சொல்லாமல் எழுந்துவிடுவதால், வட்டு இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. அதன் கோப்புறை மட்டும் காலியாக, மூல வட்டின் மேல் இருக்கிறது. இரவுக் காப்பு வேலை அந்தக் காலிக் கோப்புறைக்குள் நகலெடுத்து எடுத்து மூல வட்டையே நிரப்பிவிடும். வட்டு மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலிக் கோப்புறைக்கு சிஎச்ஏடிடிஆர் கட்டளையில் கூட்டல் குறியும் ஐயும் கொடுத்து மாற்ற முடியாததாக ஆக்கிவிடுங்கள். அதன் பிறகு வட்டு வந்தால் வழக்கம்போல மவுண்ட் ஆகும். வராவிட்டால் யாராலும் அதற்குள் எழுத முடியாது, காப்பு வேலை பிழை சொல்லி நின்றுவிடும். நின்றால்தான் நமக்குத் தெரியும்.

விண்டோஸும் உள்ள கணினிகளில் என்டிஎஃப்எஸ் வட்டைப் பகிர்பவர்கள், விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிட வேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் வட்டை முழுமையாக விடுவிப்பதில்லை. லினக்ஸ் படிக்க மட்டும் விடும், அல்லது மவுண்ட் செய்யவே மறுக்கும். இதைப் பெயர்க் கோளாறு என்று நினைத்து எஃப்எஸ்டேப்பை மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

## எந்த இடத்துக்கு எது

ஒற்றைக் கணினி, உள்ளே திருகிய ஒன்றிரண்டு வட்டுகள் என்றால் நிறுவி எழுதிய யூயூஐடியை அப்படியே விடுங்கள்; புதிதாக வட்டு சேர்த்தால் அதற்கும் யூயூஐடியே எழுதி, மேலே ஒரு விளக்க வரி சேருங்கள். அச்சகத்தில் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கும் இதுதான். அந்த சர்வரில் பல வட்டுகள் இருந்தால், வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பெட்டியின் வெளியே ஒட்டி வைப்பது பழுது வரும் நாளில் பெரிய உதவி.

ஸ்டூடியோவில் கணினிக்குக் கணினி போகும் புராஜெக்ட் வட்டுகளுக்கு லேபிள்தான் என்று உறுதியாகச் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு: பெயர் வைக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும், வைத்த பெயர்கள் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும், கழித்துப்போட்ட வட்டின் பெயரைப் புதிய வட்டுக்கு இட்டால் அந்தப் பழைய வட்டை இனிச் செருகக் கூடாது. இந்த ஒழுங்கு உங்கள் இடத்தில் நடக்காது என்று தோன்றினால் யூயூஐடிக்குப் போய்விடுங்கள். அதன் தொல்லை, ஒழுங்கில்லாத லேபிளின் தொல்லையைவிடச் சிறியது.

காப்பு வட்டு இரண்டு வைத்து வாரம் ஒன்றாக மாற்றி, ஒன்றை வீட்டில் வைப்பவர்களுக்கு மட்டும் சற்று வேறான யோசனை. இரண்டு வட்டுக்கும் வேண்டுமென்றே ஒரே லேபிளை வைத்தால், எது செருகப்பட்டாலும் ஒரே எஃப்எஸ்டேப் வரி வேலை செய்யும், காப்பு வேலையும் பாதை மாறாமல் ஓடும். இரண்டையும் ஒரே நேரத்தில் செருகக் கூடாது என்பது இதன் விலை. ஸ்டிக்கரில் ஒன்றுக்குச் சிவப்பும் இன்னொன்றுக்குப் பச்சையும் போட்டுவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியது எது என்பதில் ஐயம் இருக்காது.

எஃப்எஸ்டேப்பை மாற்றிய பிறகு மறுதொடக்கம் செய்து பார்ப்பதற்கு முன், சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுத்து, ஃபைண்ட்எம்என்டி கட்டளையை வெரிஃபை விருப்பத்தோடு ஓட்டி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள்; பிறகு மவுண்ட் கட்டளையில் சிறிய ஏ கொடுத்து எல்லா வரிகளும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். கடைசியாக, அந்த வட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஒருமுறை கணினியைத் தொடங்குங்கள்: திரை வழக்கம்போல வர வேண்டும், வட்டின் கோப்புறை காலியாக இருக்க வேண்டும், அதற்குள் புதிய கோப்பு ஒன்றை உருவாக்க முயன்றால் கணினி மறுக்க வேண்டும். முகூர்த்தம் எதுவும் இல்லாத ஒரு நாளில் இதைச் செய்யுங்கள்.